முதியோரைப் பார்ப்பது யார்? அதற்குக் கூலி கொடுப்பது யார்?

வயதான பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா? பட்டணத்துப் பத்திரிகைகளில் இந்த விவாதம் ஓயாமல் நடந்து வருகிறது. இல்லத்தில் சேர்ப்பது மகா பாவம், தமிழர் பண்பாடே தலைகீழாகிவிட்டது என்று ஒரு சாரார் மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். அங்கே டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு என்று மறு சாரார் விளம்பரப் படம் காட்டுகிறார்கள். இந்த இரண்டு சாராரையும் நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம்: ஐயா, நீங்கள் யாருடைய பெற்றோரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கோயமுத்தூரைச் சுற்றி ஓய்வு பெற்றோருக்கென்றே தனிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. வீடு வாங்கப் பல லட்சம், மாதாமாதம் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் தனியாகப் பணம். பிள்ளை அமெரிக்காவில் சம்பாதித்தால் கட்டலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வீடா, இல்லமா என்பது உண்மையிலேயே ஒரு தேர்வுதான். இரண்டு கடையையும் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். அதில் நமக்குப் பொறாமை எதுவும் கிடையாது.

நம்முடைய சீமைக்கு வாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடிப் பக்கமோ, திருச்சுழி தாண்டி நரிக்குடிப் பக்கமோ போய்ப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மல்லி, மிளகாய், பருத்தி, உளுந்து, குதிரைவாலி. பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. வாலிபர்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். பகல் பதினொரு மணிக்கு எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் திண்ணையில் யார் இருக்கிறார்கள்? கிழவர்களும் கிழவிகளும்தான். "ஆத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "மருமக காட்டுக்குப் போயிருக்கா, வந்துதான் காய்ச்சணும்" என்று பதில் வரும். நமது ஊரின் வீட்டுப் பராமரிப்பு இதுதான். இதைத்தான் பண்பாடு என்று மேடையில் பேசுகிறார்கள்.

கிழவி எழுந்து நடமாடும் வரை இது எப்படியோ ஓடுகிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், ஆட்டுக்குட்டிக்குக் குழை போடுவாள், வெயிலில் காயும் மிளகாயைக் கோழி கிளறாமல் விரட்டுவாள். அவளும் அந்த வீட்டில் ஒரு வேலையாள்தான், கூலி இல்லாத வேலையாள். ஒருநாள் வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. அன்றைக்கே கணக்கு மாறிவிடுகிறது. புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். மலஜலம் எடுக்க ஆள் வேண்டும். முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். இவ்வளவையும் செய்ய வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்றாக வேண்டும். நிற்பது யார்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீட்டில் மருமகள்தான். மருமகள் இல்லாவிட்டால் மகள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். வேலை கிடைக்கும் மாதத்தில் ஒரு பெண் இருபது நாள் வேலைக்குப் போக முடியாமல் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த வீட்டுக்கு நஷ்டம் 6,720 ரூபாய். மாநில சர்க்கார் தரும் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. நாளொன்றுக்கு 40 ரூபாய்! 6,720-லிருந்து 1,200-ஐக் கழித்தால் மிச்சம் 5,520. மருந்துச் செலவையும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்கும் செலவையும் இதில் நாம் சேர்க்கவே இல்லை. இந்த 5,520 ரூபாயை மாதாமாதம் கட்டுவது யார்? கூலிக்காரன் வீடு கட்டுகிறது. குழந்தையின் பால் குறைந்து கட்டுகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறது.

வீட்டில் வைத்துப் பார்ப்பது செலவில்லாத காரியம் என்று நினைக்கிறவர்கள், பெண்ணின் உழைப்புக்கு விலை இல்லை என்று நினைக்கிறவர்கள்தான்.

இந்தக் கணக்குப் பொறுக்க முடியாமல் போகும்போது என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். மூடி மறைப்பதில் பயனில்லை. விருதுநகர் மாவட்டத்தின் பெயர் வெளியுலகப் பத்திரிகைகளில் அடிபட்டது நமது பருத்திக்காகவோ மல்லிகைக்காகவோ இல்லை, தலைக்கூத்தலுக்காக. 2010ஆம் ஆண்டில் சுமார் 80 வயதுப் பெரியவர் ஒருவர், தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வீட்டை விட்டுத் தப்பி, உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். தன் நிலத்தை எப்படிப் பங்கு வைப்பது என்று வீட்டார் பேசியது அவர் காதில் விழுந்தது என்று அப்போது செய்திகள் சொல்லின. எண்ணெய்க் குளியல் என்ற பெயரில், சடங்கு என்ற பெயரில், "கிடந்து அவதிப்பட வேண்டாமே" என்ற பரிவின் பெயரில் நடப்பது இது. பிறகு படங்கள் வந்தன. 'பாரம்' தேசிய விருது வாங்கியது. 'கே.டி. என்கிற கருப்புதுரை' 2019லும், 'தலைக்கூத்தல்' 2023லும் வந்தன. கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து, "இந்தக் கிராமத்து ஜனங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணுக்கு இது கொலை. நமது கண்ணுக்கும் கொலைதான். வறுமை இதற்குச் சமாதானம் ஆகாது. இதைவிட வறுமையில் கிடந்தும் மாமியாரைக் கடைசி மூச்சு வரை கழுவித் துடைத்த பெண்கள் நமது ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நிலத்துக்கு ஆசைப்பட்டுச் செய்கிறவனுக்கு ஜெயில்தான் மருந்து. ஆனால் நிலமும் இல்லாத, நகையும் இல்லாத ஒரு குடிசையில் இந்த எண்ணம் எப்படி நுழைகிறது? அங்கே பங்கு போட எதுவும் இல்லை. இருப்பது இரண்டு நாட்கூலி, அதில் ஒன்று நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் குடிசையில் "ஈவிரக்கம் வேண்டும்" என்று உபதேசம் செய்துவிட்டுப் போவதில் யாருக்கு லாபம்? வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு நர்ஸ் வந்து, புண்ணைக் கட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால், அந்த எண்ணம் பாதி வீட்டில் தலை காட்டாது என்பது நமது கருத்து.

இனி ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கு வருவோம். அவனுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு, பென்ஷன் உண்டு, அவன் பாடு தேவலை என்று காட்டு வேலைக்காரர்கள் நினைப்பதுண்டு. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியை நெஞ்சில் வாங்கி, 58 வயதில் இருமலோடு வெளியே வருகிறவனுக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய் போதும் என்பது அந்தக் கணக்கு. அதுவும் பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான். ஒப்பந்தக்காரன் கையில் மாறி மாறி வேலை பார்த்தவனுக்குச் சர்வீஸ் எங்கே சேர்கிறது?

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவைக்கிறோம், பல தோழர்களுக்கு இது தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டு வயது காரணமாக ஓய்வு பெற்ற தொழிலாளி, வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். வேலையில் இருக்கிறவனுடைய தாய் தந்தையர் அவனையே நம்பியிருந்தால் அவர்களுக்கும் உண்டு. அவர்கள் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்க்காமல் விட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையைப் பிசைகிறவர்கள் அநேகம். சங்க ஆபீசில் கேட்டு உடனே சேர்த்துவிடுங்கள்.

சரி, சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நமக்கு அருப்புக்கோட்டைக் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவிடலாம். பெற்றோரை வேண்டுமென்றே கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கவனித்துக்கொள்வேன் என்று சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டவனிடமிருந்து அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்யவும் வழி உண்டு. அதற்கு, கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி வைப்பது நல்லது. சொத்துள்ள வீட்டுக் கிழவர்களுக்கு இது பெரிய ஆயுதம், மறுக்கவில்லை. நமது வீட்டில்? மகன் வாங்குவதே கூலி. அவன் தாயைப் பட்டினி போட்டான் என்றால், தன் பிள்ளைகளையும் அரைப்பட்டினியில்தான் வைத்திருக்கிறான். தீர்ப்பாயம் அந்தக் கூலியிலிருந்து எதைப் பிடுங்கி எதை அடைக்கும்? எந்தத் தாய் அப்படிப்பட்ட மகன் மேல் மனுக் கொடுப்பாள்?

இந்தச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளைகள் என்றால் யார் யார் என்று சொல்லும்போது மகன், மகள், பேரன், பேத்தி என்று எழுதியிருக்கிறார்கள். மருமகளின் பெயர் அதில் இல்லை. கோமணத் துணியைத் துவைக்கிறவள் அவள், சட்டப் புத்தகத்தில் அவளைக் காணோம்! 2019ல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்து மருமகளையும் மருமகனையும் சேர்க்கப் பார்த்தார்கள். அது சட்டமாகவில்லை. அதிலும் அவளைச் சேர்த்தது எதற்கு? பராமரிக்கும் கடமையை அவள் தலையில் எழுதி வைப்பதற்கு. அவள் செய்த வேலைக்கு ஒரு காசு கொடுப்பது பற்றி அதில் பேச்சே இல்லை.

இப்போது இல்லத்தைப் பற்றிப் பேசுவோம். அதே 2007ஆம் ஆண்டுச் சட்டம், ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில சர்க்கார் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று எழுதவில்லை. 'அமைக்கலாம்'. பிள்ளைக்குக் கடமை, தவறினால் சிறை. சர்க்காருக்கு மட்டும் 'லாம்'. இந்த ஒரு எழுத்து விளையாட்டில்தான் நமது கிழவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் படுத்திருக்கிறார்கள்.

நமது மாநிலத்தில் இல்லங்கள் அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் மானியத்தில் 25 முதியோரும் 25 ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் தங்கும் இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. நல்ல ஏற்பாடு. கிழவிக்குப் பேரன் கிடைக்கிறான், குழந்தைக்குப் பாட்டி கிடைக்கிறாள். பாதிரியார்களும் மடங்களும் தர்மவான்களும் நடத்தும் இல்லங்களில் மனப்பூர்வமாகத் தொண்டு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் வாசலில் நிற்கும்போது பல இடங்களில் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைகள் உண்டா?" என்பது. உண்டு என்றால் இடமில்லை. இரண்டாவது கேள்வி, "தானாக எழுந்து போவார்களா?" மாட்டார்கள் என்றால் அதற்கும் இடமில்லை. ஆக, யாருக்கு மிகவும் தேவையோ அவரைத் தவிர மற்றவர்களுக்கு இடம் உண்டு!

உதவித்தொகையிலும் இதே கேள்விதான். 'ஆதரவற்றவர்' என்று நிரூபிக்க வேண்டும். கூலிக்கார மகனோடு ஒரே குடிசையில் இருந்தால், "உன் மகன் கஞ்சி ஊற்றுகிறானா, இல்லையா?" என்று விசாரணை. ஊற்றுகிறான் என்று உண்மையைச் சொன்னால் பணம் நிற்கும் என்ற பயம். ஊற்றவில்லை என்று பொய் சொன்னால் ஊரார் முன் மகனுக்கு அவமானம். அறுபது வருஷம் உழைத்தவளைத் தன் பிள்ளையைத் தானே தூற்ற வைப்பது எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தது?

இந்த உதவித்தொகையின் சரித்திரமும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சென்னை ராஜ்யத்தில் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 1981ல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளருக்கென்று தனியாக வந்தது. 1983ல் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் சத்துணவுக் கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். பிறகு அரிசி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை. 2011ல் 1,000 ரூபாய். இவையெல்லாம் தானாக விழுந்த கனிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம், கேட்டுக் கேட்டு வாங்கியவை. 1962ல் இருபது ரூபாய் எத்தனை நாட்கூலிக்குச் சமம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு 1,200 ரூபாயை 336-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலு நாட்கூலி கூடத் தேறாது. மத்திய சர்க்காரின் பங்கோ இன்னும் அழகு. 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 200 ரூபாய் என்று 2006-07ல் வைத்தார்கள். நாளைக்கு ஏழு ரூபாய் கூட வராது. ஒரு டீ குடிக்க இன்னொருவரிடம் கை நீட்ட வேண்டும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் ஏழைக் கிழவர்களை ஒரு காலத்தில் 'உழைப்பு விடுதி' என்ற கொட்டடியில் அடைத்தார்கள். புருஷனை ஒரு பக்கம், பெண்சாதியை ஒரு பக்கம் பிரித்துப் போடுவார்கள். அதற்குப் பயந்து தொழிலாளிகள் பட்டினி கிடந்து சாகவும் தயாராக இருந்தார்கள். 1908ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து ஷில்லிங்கைக் கையில் வைத்திருந்த கிழவிக்கு மகள் வீட்டில் மரியாதையோடு ஒரு மூலை கிடைத்தது. வீட்டில் இருக்கும் உரிமையை உபதேசம் வாங்கிக் கொடுக்கவில்லை, பணம் வாங்கிக் கொடுத்தது.

ஜப்பானில் கிழத் தாயை மலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் பழங்கதை ஒன்று உண்டு. நமது தலைக்கூத்தலைப் போலத்தான். அந்த நாட்டில் 2000 ஏப்ரல் முதல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு அமுலில் இருக்கிறது. 40 வயதானவர் அனைவரும் சந்தா கட்டுகிறார்கள், சர்க்காரும் போடுகிறது. வயதானவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்து, வீட்டுக்கே ஆள் வரவேண்டுமா, பகலில் மட்டும் மையத்துக்குப் போய்வர வேண்டுமா, நிரந்தரமாக இல்லத்தில் தங்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். செலவில் பத்தில் ஒரு பங்கைத்தான் சாதாரணமாக அவர் கொடுக்கிறார். அங்கேயும் குறைகள் உண்டு, ஆள் பற்றாக்குறை உண்டு. ஆனால் வீடா, இல்லமா என்ற தேர்வு அங்கே தொழிலாளிக்கும் இருக்கிறது.

ஜப்பான் வரை போவானேன்? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1980லேயே விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுத்தார்கள். 2008ல் வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்தார்கள். பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸ் ஒருவர் ஊர்த் தொண்டர்களோடு படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குப் போகிறார். புண்ணைக் கட்டுகிறார். வீட்டுக்காரப் பெண்ணுக்கு எப்படிப் புரட்டிப் போடுவது என்று கற்றுக்கொடுக்கிறார். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் அதிகமுள்ள பெரிய மாநிலங்களில் ஒன்று நமது தமிழ்நாடு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள், இங்கே பத்துப் பேருக்கு மேல். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பராமரிப்பும், கைகால் பயிற்சியும் அந்தத் திட்டத்தில் உண்டு. சரியான பாதை. வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பெண்களும் நம்மைப் போன்ற கூலிக்காரப் பெண்களே. அவர்களுக்குச் சம்பளம் என்று பெயர் சொல்லாமல் ஊக்கத்தொகை என்று சில ஆயிரம் கொடுப்பதை நிறுத்தி, ஒழுங்கான சம்பளம் போட்டு, ஆள் எண்ணிக்கையைக் கூட்டி, வாரா வாரம் வரச் செய்ய வேண்டும். 2025 நவம்பரில் 'அன்புச் சோலை' என்று முதியோருக்கான பகல்நேர மையங்கள் 25 திறந்தார்கள். நல்லது. ஆனால் மாநகரங்களை முன்னிட்டு வைத்த திட்டம் அது. பரளச்சிக் கிழவர் காலையில் மாநகரத்துக்குப் பஸ் ஏறிப்போய்ச் சதுரங்கம் ஆடிவிட்டு வரமுடியுமா? கிண்டியில் 2024ல் முதியோர் மருத்துவத்துக்கென்று பெரிய ஆஸ்பத்திரி திறந்ததும் அப்படியே. நமக்கு அது செய்தி.

பகல்நேர மையத்தை நமது கிராமத்திலேயே வைக்க முடியாதா? சத்துணவுக் கூடம் இருக்கிறது. அங்கே முதியோருக்குச் சாப்பாடு போடும் பழக்கம் 1983லிருந்து இருக்கிறது. அதையொட்டி ஒரு கூடம், இரண்டு கட்டில், ஒரு கக்கூஸ், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். காலையில் காட்டுக்குப் போகிறவள் மாமியாரை அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரட்டும். 1948ஆம் ஆண்டு ஃபாக்டரிச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976ல் அந்த ஐம்பது முப்பதாகக் குறைந்தது. ஆலையில் நிற்கும் தாய்க்கு வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்று சட்டம் அன்றைக்கே ஒப்புக்கொண்டது. அவளுக்கு வீட்டில் ஒரு கிழவியும் இருக்கிறாள் என்பது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

"அன்பையும் காசுக்கு விற்கச் சொல்கிறீர்களே!" என்று சிலர் நம்மைக் கேட்பார்கள். அன்பை யாரும் விற்கச் சொல்லவில்லை. மலச்சட்டி எடுப்பது வேலை. இரவெல்லாம் கண்விழிப்பது வேலை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, வீட்டு வேலையும் உழைப்பே என்று சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்ட பிறகு அளவு பார்த்துக் கொடுப்பதுதானே முறை? படுத்த படுக்கையாக உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, உரிமைத் தொகையையும் உதவித்தொகையையும் தவிர, பராமரிப்புக்கென்று தனித்தொகை வேண்டும். அதைக் கிழவியின் பெயரில் போட்டு மகன் சாராயக் கடையில் கொடுக்கும்படி செய்துவிடாமல், பார்த்துக்கொள்கிறவளின் கணக்கிலேயே போட வேண்டும்.

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலை வாசல் கூட்டத்தில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, "அம்மா சாப்பிட்டாச்சா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தன்னைப் பெற்றவளின் கால் புண்ணைத் தான் ஒருநாள் கழுவிப் பார்க்கட்டும். பிறகு அது வேலையா இல்லையா என்று மேடையில் பேசட்டும்.

திருச்சுழியில் 1879ல் பிறந்து, ரமண மகரிஷி என்று பெயர் பெற்றவரின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வயதில் வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்குப் போனவர் அவர். அவருடைய தாயார் அழகம்மாள் 1916 வாக்கில் மகனிடமே போய்ச் சேர்ந்து, 1922ல் இறக்கும் வரை ஆசிரமத்திலேயே இருந்தார். ஆன்மிக விசாரம் நமது வேலை இல்லை. ஆனால் அந்தத் தாய்க்குக் கிடைத்த இடம் வீடா, விடுதியா? இரண்டும் இல்லை. மகன் பக்கத்தில் இருந்தான், சுற்றிலும் உதவிக்குப் பல கைகள் இருந்தன. கூலிக்காரி வீட்டில் இல்லாதது அந்தப் பல கைகள்தான்.

எனவே நமது நிலை இது. வீட்டிலேயே இருக்க விரும்பும் முதியவர் வீட்டிலேயே இருக்கட்டும், பெரும்பாலோர் அதைத்தான் விரும்புகிறார்கள். அதற்கான கூலியையும் கையையும் சமுதாயம் கொடுக்கட்டும். பிள்ளை இல்லாதவர், இருந்தும் இல்லாதவர், வீட்டில் அடியும் ஏச்சும் வாங்குகிறவர், வீட்டில் பார்க்கவே முடியாத அளவுக்கு நோயில் விழுந்தவர், இவர்களுக்குச் சர்க்கார் செலவில் பொது இல்லம் வேண்டும். அது விருதுநகரில் ஒன்று என்று இருந்தால் போதாது. மகள் வேலை முடிந்து ஒரு பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகும் தூரத்தில், அருப்புக்கோட்டையில் ஒன்று, திருச்சுழியில் ஒன்று வேண்டும். எல்லா ஜாதிக் கிழவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் இல்லமாக இருக்க வேண்டும். பிள்ளை உண்டா என்று வாசலில் கேட்கக்கூடாது.

மே முதல் தேதி கிராம சபை கூடுகிறது, ஆகஸ்டு 15லும் அக்டோபர் 2லும் கூடுகிறது. சத்துணவுக் கூடத்தோடு பகல்நேர மையம் வேண்டும், வாரா வாரம் நர்ஸ் வரவேண்டும் என்ற இரண்டு தீர்மானங்களையும் நமது பஞ்சாயத்துகளில் எழுதி வைக்கச் செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு, நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம். தெருவில் யாராவது கிழவரையோ கிழவியையோ பற்றி, "அடுத்த வாரம் குளிப்பாட்டப் போகிறார்கள்" என்று காதில் விழுந்தால் கிராம சபைக்குக் காத்திருக்க வேண்டாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அன்றைக்கே பேசுங்கள், காசு கிடையாது. போலீசுக்கும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம் போய், எத்தனை நாளாக அவள் வேலைக்குப் போகவில்லை என்றும் கேளுங்கள்.